ஆழம் பார்க்க வந்தவள்

மரிந்தியா கடற்கரை. ஜனவரி.
உருகுவேயில் இது கோடை.
தெற்கிலிருந்து காற்று;
பேசினால் பல்லில் மணல் நறநறக்கிறது.
அதனால் யாரும் பேசவில்லை.

சிவப்புத்தாள் ஒட்டிய நெற்றி விளக்கோடு
முழங்காலில் ஊர்கிறாள் சுல்மா லாரல்தே.
பின்னால் எல்பியோ, கொத்தனார்,
மாத்தேக் குடுவையைக் கக்கத்தில் இடுக்கியபடி.
சிலந்தியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.
பிளாஸ்டர் தெரியும்.
குழியில் ஊற்றி, இறுகியதும்
உடையாமல் பெயர்த்துத் தர வேண்டும்,
இரவுக்கு இவ்வளவு என்று பேச்சு.

அதோ, வருகிறாள்.
மணலின் நிறம்தான்;
மணல் நின்றபோதும் அவள் நகர்ந்ததால்
தெரிந்தாள்.

இந்த இனத்தில்
ஊர் சுற்றுகிறவள் இவள்.
அவன் வீட்டோடு மாப்பிள்ளை,
வீடு மட்டும் அவனுடையது:
பல்லால் தோண்டி, பட்டால் பூசி,
ஈரம் தட்டும்வரை நேர்கீழாக இறக்கியது.
வீட்டைக் கட்டிப் பார் என்பதற்கும்
கல்யாணம் பண்ணிப் பார் என்பதற்கும் நடுவே
மூச்சுவிட நேரமில்லை அவனுக்கு.

இருபத்தைந்தாம் குழியில் நுழைந்தாள்.
மூன்று எண்ணுவதற்குள் வெளியே.
நாலு விரற்கடை ஆழம் தேறாது.
'வேண்டாமென்றாள்' என்று எழுதிக்கொண்ட சுல்மா
உள்ளே இருந்தவனைப் புட்டியில் பிடித்தாள்.
இருபத்தாறில் வாசலோடு சரி.

இருபத்தேழில் நின்றாள்.
முன்கால்கள் உயர்ந்தன, நடுங்கின, தாழ்ந்தன.
மறுபடி.
அவனுக்கும் ஒரு கணக்கு உண்டு.
மெலிந்து வந்தாலோ
ஏற்கெனவே ஒருவனோடு இருந்து வந்தாலோ
உள்ளே வா என்பான், இரவு உணவுக்கு.
போன செவ்வாய்க்கிழமையின் இரண்டு கால்கள்
நோட்டில் ஒட்டுத்தாளுக்கடியில் இருக்கின்றன.

போய்விட்டாள் உள்ளே.

எல்பியோ பிளாஸ்டரைக் குழைத்தார்.
"எவ்வளவு ஆழம் இருக்கும்?"
"அவளுக்குத்தான் தெரியும் இப்போதைக்கு."

பன்னிரண்டே முக்காலுக்கு
அவன் மட்டும் வெளியே வந்தான்.
திரும்பினான். மணலை வாரி வாரி
வாசலை அடைக்கத் தொடங்கினான்.
உள்ளிருந்து அவளும் இழையோட்டினாள்.
விளிம்பு ஒரு முறை புடைத்து
அடங்கியது.
அதன்பிறகு அங்கே குழி இருந்ததென்று
சுல்மாவின் குச்சிக் கொடியைத் தவிர
எதுவும் சொல்லவில்லை.

"வீட்டைக் கொடுத்துவிட்டா போகிறான்?"
"ம்."
"மொத்தமாகவா?"
"குஞ்சுகள் பொரிந்து முதுகில் ஏறும்வரை
அவள் திறக்கமாட்டாள்."
"இவன்?"
"தெம்பிருந்தால் இன்னொன்று தோண்டுவான்."

எல்பியோ சிரிக்கப் போகிறார் என்று நினைத்தாள்.
அவர் வாளியைத் தட்டிப் பார்த்தார்.
பிளாஸ்டர் ஓரத்தில் கெட்டியாகிக்கொண்டிருந்தது.
அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை.
இருபத்தேழை அளக்க வேண்டுமென்றால்
இப்போதே ஊற்ற வேண்டும்,
அவள் மேல்.

சுல்மா கொடியைப் பார்த்தாள்.
நோட்டைப் பார்த்தாள்.
எண்பது குழிகள் எழுதி வாங்கிய நிதி அது.
"இருபத்தைந்தில் ஊற்றுங்கள்" என்றாள்.

பெயர்த்தெடுத்தபோது
குழந்தையின் கட்டைவிரல் அளவில் ஒன்று வந்தது,
கழுத்தில் லேசாய்க் கோணி.
"அவசரமாய்த் தோண்டியிருக்கிறான்"
என்றார் எல்பியோ, தொழிற்காரக் குரலில்.
புட்டியில் இருந்தவன் சுவரைச் சுரண்டினான்.
இருபத்தேழுக்கு நேரே
ஆழம் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

வீடிழந்தவன் அதற்குள்
மேட்டுப் பக்கம் போயிருந்தான்,
கோடை வீடுகளுக்கு மனை பிரித்த
சிவப்பு நாடாக் கம்பங்களை நோக்கி.
அந்தக் கம்பங்களை நட்டதும் எல்பியோதான்,
போன வாரம், வேறொரு கூலிக்கு.
அதை அவர் சொல்லவில்லை.
மாத்தேயை நீட்டினார். ஆறியிருந்தது.

மூன்றாம் கம்பத்தடியில் அவன் நின்றான்.
தோண்டினானா என்று தெரியாது.
அதற்குள் விளக்கில் பேட்டரி தீர்ந்துவிட்டது.